கழலுதலும் கழற்றுதலும்

தமிழாசிரியன் கையில் படியும் கறை பெரும்பாலும் சிவப்பு மையின் கறையாகவே இருக்கும். ஒரு காலத்தில் சுண்ணக்கட்டியின் வெண்தூளும் இருந்தது. வெண்பலகை வந்தபின் அதுவும் போயிற்று. என் கையில் டீசலும் கரியும் ஏறி, மூன்று நாள் சவர்க்காரம் போட்டும் நகக்கண்ணை விட்டு நீங்காதிருந்தது ஒரே ஒரு முறைதான். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி வந்த நீண்ட விடுமுறையில், கிள்ளானில் என் தம்பி வீட்டு வாசலில் அது நிகழ்ந்தது.

தம்பிக்கு இருப்பது ஒரே லோரி. பழைய ஜப்பானிய வண்டி. நான்கு உருளை டீசல் இயந்திரம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்சில் உள்ள சில மளிகைக் கடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் சரக்கு ஏற்றிச் செல்வது அவன் பிழைப்பு. அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கு இருந்த பொது மானியம் விலக்கப்பட்டு, லிட்டர் 2 வெள்ளி 15 காசாக இருந்தது ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசாயிற்று. தகுதியுள்ள சரக்கு வண்டிகளுக்கு மானிய அட்டை உண்டு என்றாலும், தம்பி அப்போது விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். அந்த நேரம் பார்த்து வண்டி வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. மேட்டில் ஏறும்போது கரும்புகையும் கக்கியது. ஒரு பட்டறையில் கேட்டதற்கு வண்டியை ஒரு வாரம் விட்டுச் செல்லுமாறு சொன்னார்கள். ஒரு வாரம் வண்டி நின்றால் கடைக்காரர்கள் வேறு வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்தவர்கள் திரும்பி வருவதில்லை. புதன்கிழமை காலைச் சரக்குக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். ஆகவே, சனிக்கிழமையே இயந்திரத்தின் நோசல்களைத் தானே கழற்றுவது என்று முடிவு செய்து, எங்கள் தாய்மாமனை அழைத்தான். விளக்குப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்தான்.

மாமா 1962-இல் செந்தூல் ரயில் பட்டறையில் பயிலுநராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை டீசல் இயந்திரங்களோடு வாழ்ந்தவர். 1957-இல் இங்கிலாந்திலிருந்து வந்த இங்கிலீஷ் எலக்ட்ரிக் டீசல் இழுபொறிகள் அவர் கைபட்டு ஓடியவை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் குடும்பம் நடத்தி, இப்போது அதே வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். எண்பது வயது. டீசல் இயந்திரத்தைப் பிரிக்கக் கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு மின்ரயிலில் வந்து இறங்கினார். அதை அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

நோசல் என்றால் என்ன என்று வாசகர் கேட்கலாம். டீசல் இயந்திரத்தில் பெட்ரோல் இயந்திரத்தைப்போலத் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்றை மட்டும் இழுத்து, அதை இருபதில் ஒரு பங்காக அமுக்கினால், அக்காற்று ஐந்நூறு பாகை செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அச்சூட்டில் எண்ணெயை மூடுபனிபோலத் தெளித்தால் தானே பற்றிக்கொள்கிறது. அப்படித் தெளிக்கும் சிறு கருவியே நோசல். ஏறத்தாழ விரல் பருமனுள்ள அதன் உடலுக்குள் ஓர் ஊசி இருக்கிறது. ஊசிக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி அதில் இரண்டு மூன்று கூறே. தலைமயிர் அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல் தடிப்பு. பழைய வகை நோசலில், எண்ணெய் ஏறத்தாழ இருநூறு வளிமண்டல அழுத்தத்தில் வந்து முட்டும்போது ஊசி எழும்பி வழி விடும். உடனே அமர்ந்து மூடிக்கொள்ளும். இயந்திரம் நிமிடத்துக்கு இரண்டாயிரம் முறை சுழன்றால், ஒவ்வோர் ஊசியும் அந்த ஒரு நிமிடத்தில் ஆயிரம் முறை எழுந்து அமர வேண்டும். இந்த ஊசி சரியாக அமராமல் எண்ணெய் சொட்டினால் கரும்புகை வருகிறது.

நானோ இதனை "எரிபொருள் உட்செலுத்தி" என்று அறிந்தவன். அறிந்தவன் என்றால் சொல்லை அறிந்தவன், பொருளைக் கண்டதில்லை. பயிற்சிக் கல்லூரிக் காலத்திலிருந்தே கலைச்சொல் பட்டியல்கள் சேர்ப்பதில் எனக்கு ஒரு பித்து உண்டு. 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தபோது அப்பித்து ஒரு வைராக்கியமாகவே மாறியது. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவிப்பு வந்து அது படிப்படியாக நீங்கிய பின்னும் என் பட்டியல்கள் நீண்டன. அவை வீண் என்று இன்றும் சொல்ல மாட்டேன். பாடநூலுக்கு அவை வேண்டும்.

வேலை தொடங்கியது. லோரியின் முன்கூண்டைக் கவிழ்த்துத் தாங்குகோலை மாட்டினார்கள். மின்கலத்தின் இணைப்பைத் தம்பி அகற்றினான். நான் ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். மாமா வாங்கவில்லை. "முதலில் குளிப்பாட்டு" என்றார். நோசல்களைச் சுற்றியிருந்த அழுக்கை டீசலும் தூரிகையும் கொண்டு கழுவித் துடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. கழற்றியபின் கழுவினால் போதாதா என்று கேட்டேன். "திறந்த பிறகு விழுகிற ஒரு மணல் போதும், வாத்தியாரே. ஊசி தேய்ந்து போகும்" என்றார் மாமா. அவருக்கு நான் தலைமையாசிரியனான பின்னும் வாத்தியார்தான்.

பின்னர், பம்பிலிருந்து ஒவ்வொரு நோசலுக்கும் வரும் எஃகுக் குழாய்களின் இரு முனைகளையும் தளர்த்தி, வளையாமல் எடுத்து, வாய்களைத் துணியால் கட்டினார்கள். மிஞ்சும் எண்ணெயைத் திருப்பி அனுப்பும் மெல்லிய குழாயை மேலிருந்து எடுத்தார்கள். நோசலை அழுத்திப் பிடித்திருக்கும் பிடியின் மறையைக் கழற்றினார்கள். முதல் நோசல் இலேசாக வந்தது. அதன் அடியில் ஒரு செப்பு வாசர் கரிபிடித்து ஒட்டியிருந்தது. இரண்டாவது வந்தது; ஆனால் வாசர் குழியிலேயே தங்கிவிட்டது. கம்பியை வளைத்து அதை மாமா எடுத்த நேர்த்தி, காதிலிருந்து குறும்பி எடுக்கும் தாயின் கையைப்போல் இருந்தது. பழைய வாசரை மீண்டும் போடக்கூடாதாம். ஒருமுறை நசுங்கிய செம்பு மறுமுறை காற்றை அடைக்காது. தம்பி மகன், ஐந்தாம் ஆண்டில் படிப்பவன், ஒவ்வொன்றிலும் காகித நாடா ஒட்டி 1, 2 என்று எழுதி வரிசையாக வைத்தான். வந்த இடத்துக்கே அது திரும்ப வேண்டும் என்பது தாத்தாவின் கட்டளை. அவன் ஒரு பள்ளிக்குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டும் இருந்தான்.

மூன்றாவது வரவில்லை.

உடம்புக்கும் குழிக்கும் இடையே கரி இறுகியிருந்தது. தம்பி நெம்பிப் பார்த்தான். மாமா சற்று இளைப்பாறத் தேநீர் குடிக்கப் போயிருந்த நேரம். மணி நான்கு, மேற்கே மழை திரண்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "ஓர் அடி கொடுத்தால் விட்டுவிடும்" என்று சொல்லிச் சுத்தியலை எடுத்து நோசலின் தலையில் பக்கவாட்டில் தட்டினேன். ஒருமுறையன்று, மூன்று முறை. மூன்றாம் அடியில் குழாய் பொருந்தும் மறையின் விளிம்பு நசுங்கிவிட்டது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவன் முகம் மட்டும் வெளுத்தது. உடைந்து உள்ளே நின்றிருந்தால் இயந்திரத்தின் தலையையே கழற்ற வேண்டியிருக்கும் என்பதும், அது இரண்டு வார வேலை என்பதும், அதற்குரிய பணம் அவனிடம் இல்லை என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தன. மேசைக்குப் பின்னாலிருந்து கட்டளையிட்டுப் பழகிய கைக்கு அவசரம் ஒரு நோய் போலும்.

மாமா வந்து பார்த்தார். நசுங்கிய விளிம்பை விரலால் தடவினார். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன், அதுவும் செய்யவில்லை.

"நீ அதைக் கழற்றப் பார்க்கிறே. கழற்றாதே. கழலட்டும்" என்றார்.

தமிழ் இலக்கணம் முப்பது ஆண்டு கற்பித்தவனுக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது. தன்வினை, பிறவினை என்று பலகையில் இரு நிரல் போட்டு, சுழன்றது–சுழற்றினான், தளர்ந்தது–தளர்த்தினான், திருந்தினான்–திருத்தினான் என்று எழுதுவது என் வழக்கம். கழன்றது–கழற்றினான் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரே வேரின் இரு வடிவம் என்று சொல்லிக் கடந்துவிடுவேன். இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு இருக்கிறது என்பதை அறிந்தேனில்லை.

அந்த இரவு முழுதும் மூன்றாம் நோசல் துருவிளக்கும் எண்ணெயில் ஊறியது. இரண்டு மணிக்கொருமுறை மாமா எழுந்து போய்ச் சில துளி விட்டுவிட்டு வந்தார். சிலர் இவ்விடத்தில் பிடியைச் சற்றே தளர்த்திவிட்டு இயந்திரத்தை ஓட்டி, உள்ளிருக்கும் அமுக்கத்தாலேயே நோசலை மேலே தள்ளச் செய்வார்களாம். தம்பி அதைச் சொன்னபோது மாமா மறுத்தார். அது குண்டுபோல் எகிறினால் என்ன ஆகும் என்று கேட்டு, பேரன் உறங்கிய அறையை நோக்கிக் கண்காட்டினார். அன்றியும், அழுத்தத்தோடு பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். பார்ப்பதற்கு ஊசி குத்திய சிறு புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரும் என்று எச்சரித்தார்.

உறக்கம் வராத இரவில் பேச்சு எங்கெங்கோ போயிற்று. ருடால்ஃப் டீசலைப் பற்றி நான் படித்திருந்ததைச் சொன்னேன். 1858-இல் பாரிசில் பிறந்த அந்த ஜெர்மானியர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இயந்திரத்தை வெற்றியாக ஓட்டிக் காட்டினார். எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்று மேல் அது பயனாக்கியது. அந்நாளைய நீராவி இயந்திரங்கள் அதற்கு அருகில் வர இயலவில்லை. ஆனால், எண்ணெயைத் தெளிக்க அவருக்கு அமுக்கிய காற்று வேண்டியிருந்தது. அதற்கென ஒரு பெரும் காற்றுப்பொறியும் வேண்டியிருந்தது. ஆகவே அவ்வியந்திரம் லோரியில் ஏறவில்லை. காற்றின் துணையின்றி எண்ணெயைத் தானே அழுத்தித் தெளிக்கும் பம்பை ராபர்ட் போஷின் நிறுவனம் 1927-இல் தொகுதியாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகே டீசல் லோரிகள் பெருகின. அதைக் காண டீசல் உயிரோடு இல்லை. 1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் இரவு, இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலிலிருந்து அவர் காணாமற்போனார்.

1900-இல் பாரிசுக் கண்காட்சியில் கடலை எண்ணெயிலேயே ஒரு டீசல் இயந்திரம் ஓட்டப்பட்டது என்று நான் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்நாட்டில் 2019 முதல் வண்டிகளுக்கான டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது கலந்து வருகிறது. மலாயாவில் வாணிக நோக்கில் செம்பனை முதன்முதலில் 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. கிள்ளானிலிருந்து அது வெகு தொலைவன்று. "அப்படியானால், நம்மவர்கள் குலை வெட்டின காட்டிலிருந்து வந்த எண்ணெயும் அந்த நோசல் வழியாகத்தான் போகிறது" என்றார் மாமா. சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

ஞாயிறு காலை மாமா ஸ்பேனரை நோசலின் இடுப்பில் மாட்டினார். இழுக்கவில்லை; வலப்புறம் ஒரு மயிரிழை, இடப்புறம் ஒரு மயிரிழை. எண்ணெய் விட்டார். மறுபடி வலம், மறுபடி இடம். தம்பி செய்தான், பிறகு என்னையும் செய்யச் சொன்னார். முதலில் கல்லைத் திருகுவது போல் இருந்தது. நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். கையில் ஏதோ ஒரு நெகிழ்வு உணர்ந்தேன். கண்ணுக்குத் தெரியாத நெகிழ்வு அது. "விடாதே, அசைத்துக்கொண்டே இரு" என்றார். பிறகு, தண்டில் எடை கோத்த ஓர் இழுப்பானை மறையில் பூட்டி, எடையை மெல்ல மெல்ல மேல்நோக்கித் தட்டினார். ஐந்தாவது தட்டில் ஒரு சிறு பெருமூச்சுப் போன்ற ஒலியோடு நோசல் கழன்றது. நான்காவது அரைமணியில் வந்தது. நான் நசுக்கிய விளிம்பை மாமா சிற்றரத்தால் இழை இழையாகத் தீட்டிச் சரிசெய்ததற்குத்தான் அதைவிட அதிக நேரம் பிடித்தது.

அன்று மாலை சிறுவனின் குறிப்பேடு என் கைக்கு வந்தது. "பெரியப்பா, பிழை பார்த்துத் தாருங்கள்" என்றான். இரண்டு பக்கம். தலைப்பு, "தாத்தா நோசல் கழட்டிய கதை". நோசல், வாசர், பம்ப், ஸ்பேனர், பைப். சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் வேறொரு மாணவன். "என் தந்தையின் தொழில்" என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். லோரித் தொழிலாளியின் மகன். அவன் எழுதியதில் இத்தகைய சொற்கள் ஆறோ ஏழோ இருந்தன. ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, அடியில் "பிறமொழிக் கலப்பு மிகுதி" என்று எழுதி, முப்பதுக்குப் பன்னிரண்டு போட்டேன். தன் தந்தை புகையின் நிறத்தைப் பார்த்தே வண்டியின் நோயைச் சொல்லிவிடுவார் என்று அதில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தான். அப்போது அது என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் இத்தனை ஆண்டு கழித்து நினைவுக்கு வந்திருக்காதோ என்னவோ. அதன்பின் அவ்வாண்டு முடியும்வரை அவன் கட்டுரை என்றால் நான்கு வரி எழுதுவான். நான்கிலும் பிழை இருக்காது. நல்ல முன்னேற்றம் என்று அவன் தேர்ச்சி அறிக்கையில் எழுதியவன் நான்.

குறிப்பேட்டை மறுபடி படித்தேன். கழுவினார். துடைத்தார். தளர்த்தினார். நெம்பினார். ஊற வைத்தார். அசைத்தார். திருகினார். தட்டினார். கழன்றது. தீட்டினார். பத்து வினைச்சொற்கள், பத்தும் அவன் தாத்தாவின் வாயிலிருந்து கேட்டவை. பத்தும் தமிழ். செந்தூலில் அந்தப் பெரியவருக்குக் கருவிகளின் பெயரை ஆங்கிலேயர் கொடுத்தனர்; செய்கையின் பெயரை ஒருவரும் கொடுக்கவில்லை. அவை வீட்டிலிருந்தே அவரோடு போயிருந்தன. இன்று எங்கள் ஆசிரியர் அறையில், என் வாயையும் சேர்த்தே சொல்கிறேன், "ஓப்பன் பண்ணு", "செக் பண்ணு", "ரிமூவ் செய்" என்று பேசுகிறோம். பிறகு வகுப்புக்குள் போய் நோசலுக்கு வட்டமிடுகிறோம். பெயர்ச்சொல் கடன் வாங்கியது. அதற்குத் தொல்காப்பியரே திசைச்சொல் என்று ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறார். வினைச்சொல் போனால் எதை இருக்கையில் அமர்த்துவது?

"கழட்டிய" என்பதை மட்டும் "கழற்றிய" என்று திருத்தினேன். அதைத் திருத்தாமல் விட என்னால் இயலாது.

"நோசலுக்குத் தமிழில் என்ன, பெரியப்பா?" என்றான் சிறுவன்.

"எரிபொருள் உட்செலுத்தி."

விரல் விட்டு எழுத்துகளை எண்ணினான். "இதைச் சொல்லி முடிப்பதற்குள் தாத்தா ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார்" என்றான். ஆயினும் பக்கத்து ஓரத்தில் அதை எழுதிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை தம்பி நான்கையும் கிள்ளானில் ஒரு பம்ப் கடைக்குக் கொண்டுபோனான். கைநெம்புகோல் உள்ள சோதனைக் கருவியில் ஒவ்வொன்றையும் பூட்டி அழுத்திப் பார்த்தார்களாம். நல்ல நோசல் நான்கு இழையாக மூடுபனி தெளித்து, கரகரவென்று ஒரு குரலும் எழுப்பும். முதலும் நான்காவதும் தெளித்தன. இரண்டாவது ஒழுகியது. மூன்றாவது, இத்தனை பாடுபடுத்தியது, வாயில் தாரையாகக் கொட்டியது. இரண்டுக்கும் ஊசியும் உறையும் புதிதாகப் போட்டு, நான்குக்கும் அழுத்தத்தை ஒன்றாக்கிக் கொடுத்தார்கள்.

அன்று மாலை பள்ளியிலிருந்து நேரே சென்றேன். புதிய வாசர்களோடு நோசல்கள் எண் வரிசைப்படி தம் குழிகளில் இறங்கின. குழாய்களை முழுதும் இறுக்காமல் இயந்திரத்தைச் சுழற்றி, குழாய் வாயில் நுரைத்து வந்த காற்று நின்று வெறும் எண்ணெய் வரும்வரை பார்த்திருந்து ஒவ்வொன்றாக முடுக்கினார்கள். "காற்று எடுத்தல்" என்பது அதற்கு மாமாவின் பெயர். காற்று இருக்கும்வரை பம்ப் காற்றைத்தான் அமுக்கும், ஊசி எழாது. மூன்றாம் குழாயின் மறையைப் பூட்டும்போது தம்பி என்னைப் பார்த்தான். அது பிசகாமல் ஏறியது. ஒருமுறை இருமி, இருமுறை குலுங்கி, இயந்திரம் ஓடத் தொடங்கியது. வெண்புகை கொஞ்சம் வந்து கலைந்தது. பிறகு வாலில் ஒன்றும் தெரியவில்லை.

புதன்கிழமை விடியற்காலையில் மாமாவை ரயில் நிலையத்தில் விடலாம் என்று என் காரை எடுத்து வந்தேன். அவர் ஏற்கெனவே லோரியின் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்திருந்தார். பின்னால் வாழையிலைக் கட்டுகளும் அரிசி மூட்டைகளும் ஏறியிருந்தன. பிரிக்பீல்ட்ஸ்வரை அதிலேயே போவதாகச் சொன்னார். வழியில் மேடு இருக்கிறதல்லவா, அங்கே அது எப்படிப் பேசுகிறது என்று கேட்க வேண்டுமாம்.